250 புத்தகத்துக்கு அலமாரி: நாமே அடிப்பதா, வாங்குவதா? பட்ஜெட் 8,000

தாம்பரம்வாசி:
வணக்கம். தாம்பரத்தில் வாடகை வீடு, இரண்டாவது மாடி. சுமார் 250 புத்தகம் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. பெரும்பாலும் டெமி, கிரவுன் சைஸ் தமிழ்ப் புத்தகங்கள்தான். அட்லஸ், ஓவியம், புகைப்படம் என்று பெரிய சைஸில் ஒரு 20 இருக்கும்.

ஆன்லைனில் 3 அடி அகலம், 5 தட்டு, பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகை) அலமாரி 6,500 சொச்சத்துக்குக் காட்டுகிறது. ஆசாரியைக் கேட்டால் முன்பக்கச் சதுர அடிக்கு ரேட் போட்டு 15,000க்கு மேல் சொல்கிறார். 8,000க்குள் நானே செய்துவிட முடியுமா? டிரில் மெஷின் இருக்கிறது, ரம்பம் கிடையாது. எந்த பிளைவுட், எத்தனை ஷீட், எங்கே சொதப்பும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரீப்பர்கட்டை:
முடியும் சார். 18 மி.மீ. பிளைவுட் ஒரே ஒரு 8×4 ஷீட் போதும். ஆனால் அளவை முதலில் புத்தகத்திலிருந்து எடுக்கணும், அலமாரி போட்டோவிலிருந்து இல்லை.

டெமி புத்தகம் ஏறக்குறைய 14 × 21.5 செ.மீ., கிரவுன் 12.5 × 18.5 செ.மீ. இதுக்கு 12 இஞ்ச் ஆழம் எதுக்கு? முன்னால காலியா கிடக்கிற இடத்துல சாவி, மாத்திரை, கரண்ட் பில்லுதான் சேரும். 9½ இஞ்ச், அதாவது 240 மி.மீ. தாராளம். ஏ4 அகலம் 210, அதுவும் உள்ளே நிற்கும்.

ஷீட் 1220 × 2440 மி.மீ. இதை 8 அடி நீளவாக்கில் 240 அகலத்துல அஞ்சு பட்டையா அறுக்கச் சொல்லுங்க. பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 3 மி.மீ. தின்னும், அதையும் கழிச்சுத்தான் இந்தக் கணக்கு. ரெண்டு பட்டை பக்கப் பலகை, தலா 2130 மி.மீ. மீதி மூணு பட்டையை 605 மி.மீ. துண்டா போட்டா பட்டைக்கு நாலு வீதம் 12 துண்டு கிடைக்கும். அதில் 9 தட்டுப் பலகை. பத்தாவது துண்டை 75 மி.மீ. அகலத்துல மூணா கிழிச்சா முன் அடிக்கட்டை ஒண்ணு, பின் அடிக்கட்டை ஒண்ணு, மேலே சுவரோட பிடிக்கிற பட்டை ஒண்ணு. ரெண்டு துண்டு மிச்சம்.

9 பலகைன்னா 8 தட்டு. எல்லாத்தையும் ஒரே உயரமா வைக்காதீங்க. தரையிலிருந்து ஒவ்வொரு பலகையோட அடிப்பக்கமும் வர வேண்டிய கோடு, மி.மீ.யில்: 75, 413, 671, 929, 1187, 1445, 1667, 1889, 2111. அடித்தட்டு 320 உயரம், உங்க அட்லஸுக்கு. அதுக்கு மேலே நாலு தட்டு 240, டெமிக்கு. உச்சியில மூணு 204, கிரவுனுக்கு. புத்தகத்துக்கு மேல விரல் விட்டு இழுக்க 20 மி.மீ. இடம் இருந்தா போதும்.

முதுகுக்கு 6 மி.மீ. பிளை, 641 × 2055. இதுக்கு 8×4 வாங்க வேண்டாம், 7×3 ஷீட்ல அடங்கிடும்.

அறுக்கிற வேலை கடையிலேயே. பேனல் சா, அதாவது ஷீட்டை நேர்கோட்டுல அறுக்கிற பெரிய மெஷின், இருக்கிற கடையாப் பார்த்து வாங்குங்க, வெட்டுக்கு இவ்வளவுன்னு தனியா வாங்குவாங்க. கை மெஷின்ல கண்ணளவுல அறுக்கிற இடத்துல குடுத்தா ஒன்பது பலகையும் ஒன்பது நீளமா வரும். ஒண்ணை மட்டும் சொல்லிடுங்க: 605 துண்டு 12ம் ஒரே ஸ்டாப்பர் (நீளம் மாறாம நிறுத்துற தடுப்பு) வச்சு அறுக்கணும். 604 ஆனாலும் பரவாயில்லை, எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்.

கணக்குப்பிள்ளை:
ரீப்பர்கட்டை அண்ணன் 2 அடி அகலத்தோடு நிறுத்தியதுதான் இதில் முக்கியமான விஷயம். அதற்கான காரணத்தை நான் சொல்கிறேன்.

டெமி புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிலோ. கிரவுன் 18, 19 கிலோ. ஆர்ட் பேப்பரில் அடித்த பெரிய புத்தகங்கள் மட்டும் மீட்டருக்கு 60 கிலோவைத் தாண்டும்; அந்த 20 புத்தகமும் அடித்தட்டிலேயே இருக்கட்டும். இப்படி ஒரு தட்டு முழுக்கப் புத்தகம் நிரம்பினால் தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏறும். 2 அடியை 3 அடியாக்கினால் ஒன்றரை மடங்கு நீளம், 5 மடங்கு தொய்வு.

18 மி.மீ. கனம், 240 ஆழம், டெமி நிறைத்த தட்டு என்று போட்டுப் பார்த்தால்: 605 மி.மீ. பிளைவுட் நடுவில் அரை மி.மீ. தொய்யும். அதே பிளைவுட் 900 மி.மீ. என்றால் இரண்டரை. 900 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு என்றால் 7 மி.மீ. அருகே. இது அடுக்கிய அன்றைய கணக்கு. பார்ட்டிகிள் போர்டு எடை தாங்கியபடியே மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும், கடைசியில் இரண்டு மடங்கு ஆனாலும் ஆச்சரியமில்லை. புத்தகத்தை எடுத்துவிட்டாலும் முழுசாக நிமிராது. அடிக்கு 1 மி.மீ. நெருங்கினாலே கண்ணில் படத் தொடங்கிவிடும்.

அதனால் ஆன்லைனில் வாங்குவதானாலும் நட்சத்திரத்தை எண்ணுவதற்கு முன் தட்டின் நீளத்தையும் "ஒரு தட்டுக்கு இத்தனை கிலோ" என்பதையும் பாருங்கள். ஐகியாவின் பில்லி அலமாரியும் பார்ட்டிகிள் போர்டுதான், 80 செ.மீ. அகலம். அதில் தட்டுக்கு 30 கிலோ என்று எழுதியே கொடுக்கிறார்கள், டெமி புத்தகத்துக்கு அது போதும். எடையே குறிப்பிடாத 3 அடித் தட்டு, போட்டோ ஃப்ரேமும் மணிப்பிளாண்டும் வைப்பதற்கு.

3 அடிதான் வேண்டும் என்றால் தட்டின் முன்விளிம்பில் 18 × 38 மி.மீ. மரப்பட்டையை நிமிர்த்தி, மேல்விளிம்பு தட்டோடு சமமாக வருமாறு பெவிகால் போட்டு ஒட்டுங்கள். தொய்வு பாதியாகும். தட்டை 25 மி.மீ. கனமாக்குவதும் வழிதான், அதில் தொய்வு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். ஆனால் ஷீட் விலை எகிறும்.

இன்னொன்று. 8×4 ஷீட்டில் மேல்வெனீரின் (மேலே ஒட்டிய மெல்லிய மர ஏட்டின்) ரேகை வழக்கமாக 8 அடி வாக்கில் ஓடும். அந்தத் திசையில்தான் பிளைவுட்டுக்குப் பலம். துண்டு மிச்சப்படுத்துகிறேன் என்று யாராவது தட்டுகளை 4 அடி வாக்கில் வெட்டினால் அதே பலகை கூடுதலாகத் தொய்யும். அண்ணன் போட்ட வெட்டில் இது சரியாகவே வருகிறது.

நட்டுபோல்ட்டு:
எல்லாரும் பிளைவுட்டிலேயே நிக்கிறீங்க. வாடகை வீடு என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கார். வாடகை வீட்டுக்கு என் ஓட்டு ஸ்லாட்டட் ஆங்கிள் (வரிசையா ஓட்டை போட்ட எல் வடிவக் கால்) ஸ்டீல் ரேக்குக்குத்தான். அழகில்லைதான், ரேஷன் கடை மாதிரி இருக்கும். ஆனா வீடு மாறும்போது போல்ட்டைக் கழற்றி ஒரு பையில போட்டா ஆங்கிளும் தட்டும் ஒரு கட்டு. 7 அடி மர அலமாரியை மாடிப்படி வளைவுல திருப்பி இறக்கணும்னா ரெண்டு ஆள் வேணும், சுவர்ப் பெயிண்டும் போகும்.

வாங்கும்போது கேஜ், அதாவது தகட்டோட கனம், கேளுங்க. ஆங்கிள் 14 கேஜ், அதாவது ஏறக்குறைய 2 மி.மீ. தட்டு 36 × 12 இஞ்ச். டெமியை ஒரே வரிசையா அடுக்க 22 கேஜ் தட்டு தாங்கும். 12 இஞ்ச் ஆழத்துல கிரவுன் புத்தகம் முன்னும் பின்னும் ரெண்டு வரிசை நிற்கும், அப்படி அடுக்கிறதா இருந்தா 20 கேஜ் எடுங்க. கேஜ் எண் குறைஞ்சாத்தான் தகடு கனம், இதுல நிறைய பேர் தலைகீழா நினைச்சு ஏமாறுறாங்க. தட்டோட விளிம்பு ரெண்டு முறை மடிச்சிருக்கணும். ஒரே மடிப்புன்னா விளிம்பு கையையும் கிழிக்கும், நடுவிலயும் இறங்கும்.

ஒரு தட்டுக்கு 8 போல்ட், மூலைக்கு ரெண்டு. உச்சித்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் மூலைக்கு மூலை முக்கோணத் தகடு போடச் சொல்லுங்க. பல கடையில கேட்டாத்தான் தருவாங்க. அது இல்லாட்டி புத்தகம் ஏறின பிறகு ரேக் பக்கவாட்டில் ஆடும். எல்லா போல்ட்டையும் விரலால மாட்டி, ரேக்கை நிமிர்த்தி, நேரா நிக்குதான்னு பார்த்துட்டுக் கடைசியில ஸ்பேனர் போடணும். ஒவ்வொரு தட்டா முறுக்கிக்கிட்டே போனா கடைசித் தட்டுக்கு ஓட்டை ஒத்து வராது.

பின்னாலயும் பக்கத்துலயும் திறந்திருக்கும், புத்தகம் விழும். சன்பேக் ஷீட்டை (விளம்பர போர்டுக்குப் போடுற பிளாஸ்டிக் அட்டை) அளவா வெட்டிக் கட்டிட்டா போச்சு. கால்ல பிளாஸ்டிக் புஷ் இல்லாட்டி தரைத்துடைப்பான் தண்ணியில துரு பிடிச்சு டைல்ஸ்ல கறை ஏறும், அப்புறம் அட்வான்ஸ்ல கழிப்பாங்க. எல்லாம் சேர்த்து உங்க பட்ஜெட்டுக்குள்ள முடிஞ்சு மிச்சமும் இருக்கும்.

தாம்பரம்வாசி:
எல்லாருக்கும் நன்றி. ஸ்டீல் ரேக் ஹாலில் வைப்பதற்கு வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது. 2 அடி பிளைவுட் என்றே வைத்துக்கொள்வோம். பிளைவுட்டில் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர்., பி.டபிள்யூ.பி. என்று கடைக்காரர் அடுக்குகிறார். கரையான் வராமல் இருக்க எது? மொத்தம் எவ்வளவு ஆகும்?

ஒட்டுப்பலகை:
அந்த எழுத்துகள் எல்லாம் பசையைப் பற்றியவை, கரையானைப் பற்றியவை அல்ல. எம்.ஆர். என்றால் காற்றின் ஈரப்பதத்தைத் தாங்கும் பசை. பி.டபிள்யூ.ஆர். கொதிநீர்ச் சோதனையைத் தாங்கும். இரண்டுமே ஐஎஸ் 303 முத்திரையில் வரும். பி.டபிள்யூ.பி. எனப்படும் மரைன் வகை ஐஎஸ் 710. "வாட்டர்ப்ரூஃப் சார், கரையானே வராது" என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு, பூச்சி மருந்து ஏற்றிய பிளையா, அதற்கு எழுத்தில் உத்தரவாதம் உண்டா என்று கேளுங்கள். புத்தக அலமாரி தண்ணீரில் நிற்கப்போவதில்லை, மரைனுக்குச் செலவழிக்க வேண்டாம். சென்னை ஈரக்காற்றுக்கு பி.டபிள்யூ.ஆர். சரி. சமையலறையை ஒட்டாத உள்சுவர் என்றால் நல்ல எம்.ஆர். கூடப் போதும்.

பெயரைவிடப் பொருளைப் பாருங்கள். 18 என்று முத்திரை குத்திய மலிவு ஷீட் 16.5 கூட இருக்கும். கனம் அவ்வளவு குறைந்தால் தொய்வு 30 சதவீதம் கூடும். நான்கு ஷீட்டை அடுக்கி டேப் வையுங்கள், 72 மி.மீ. வரவேண்டும். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: நடு அடுக்குகளில் கறுப்பாகப் பொந்து தெரிந்தால் அங்கே ஸ்க்ரூ பிடிக்காது. முகத்தை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் திடீரென மாறும் இடத்தில் உள்ளே காலி. ஷீட்டை நிறுத்தி விளிம்போடு கண்ணை வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். முறுக்கிய ஷீட்டை எந்த ஸ்க்ரூவும் நிமிர்த்தாது. எந்தப் பிராண்ட் என்று யாரும் கேட்காதீர்கள், அதற்கு இங்கே ஏற்கெனவே மூன்று சண்டைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

செலவு. ஷீட் 32 சதுர அடி. பி.டபிள்யூ.ஆர். சதுர அடி 90 ரூபாய் என்று வைத்தால் 2,880. முதுகு 21 சதுர அடி, 45 ரூபாய் வைத்தால் 945. அறுப்புக் கூலி 500, குட்டி யானை வாடகை 600, ஸ்க்ரூ, பெவிகால், உப்புத்தாள் 500, விளிம்பை மூடும் பீடிங் பட்டை 400, சீலரும் பாலிஷும் 800. ஆக 6,625. ரேட் கடைக்குக் கடை மாறும், சொன்ன விலை ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 8,000க்குள் அடங்கும். டிரில்லும் இல்லாமல், அதையும் இதற்காகவே வாங்குபவருக்கு இந்தக் கணக்கு இடிக்கும்.

கொள்ளளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 8 தட்டு × 605 என்றால் 4.84 மீட்டர். புத்தகத்துக்குச் சராசரி 2 செ.மீ. முதுகு என்றால் 240 நிற்கும். உங்களிடம் இப்போதே 250. அடுத்த ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போகாமல் இருக்கப் போகிறீர்களா என்ன? இரண்டாவது அலமாரிக்கு இடம் விட்டு முதலாவதை நிறுத்துங்கள்.

ரீப்பர்கட்டை:
பூட்டுற முறை. வாங்குறதுக்கு முன்னால ஒரு விஷயம்: வைக்கிற இடத்துக்கு மேலே லாஃப்ட் இருக்கா? நிறைய வீட்டுல லாஃப்ட் அடி 7 அடிதான், 2130ஐ அதுக்கு அடியில நிமிர்த்த முடியாது. இருந்தா உச்சித்தட்டை விட்டுடுங்க, மொத்தம் 1907 ஆகும். கோடு 1889ஓட முடியும்.

ரெண்டு பக்கப் பலகையையும் உள்பக்கம் மேலே தெரியப் பக்கத்துல பக்கத்துல படுக்க வைங்க. அடிமுனையைச் சமமா வச்சு டேப் ஒட்டிடுங்க. மூலைமட்டம் வச்சு ரெண்டுலயும் சேர்த்து ஒரே கோடா போடுங்க. தனித்தனியா அளந்தா கண்டிப்பா ரெண்டு மி.மீ. தப்பும், தட்டு சாயும். ஒவ்வொரு கோட்டுக்கும் 9 மி.மீ. மேலே இன்னொரு மெல்லிய கோடு, அதுதான் தட்டோட நடு. அந்தக் கோட்டுல மூணு ஓட்டை, முன்னும் பின்னும் விளிம்பிலிருந்து 35 மி.மீ. தள்ளி ஒண்ணொண்ணு, நடுவுல ஒண்ணு. 4 மி.மீ. பிட், உள்பக்கமிருந்து வெளியே. வெளிப்பக்கம் ஸ்க்ரூ தலை அமுங்க கவுன்டர்சிங்க் பிட் போடுங்க.

ஸ்க்ரூ 4 × 50 மி.மீ., 9 பலகைக்கு 54 எண்ணம். ஜிப்சம் போர்டுக்குப் போடுற கறுப்பு ஸ்க்ரூ வேண்டாம், முறுக்கும்போது கழுத்துல ஒடியும். தட்டோட விளிம்புல 2.5 மி.மீ. பிட்டால 40 மி.மீ. ஆழம் ஓட்டை போட்டுட்டுத்தான் ஸ்க்ரூ இறங்கணும். ஓட்டை போடாம நேரா இறக்கினா ஸ்க்ரூ அடுக்குக்கு நடுவுல ஆப்பு மாதிரி போய் பிளை பிளந்துடும். முதல்தடவை செய்யறவங்க கெடுக்கிற இடம் இதுதான். இன்னொண்ணு, டிரில்லோட வேகத்துல கடைசிச் சுற்று வரை முறுக்குறது. உள்ளே மரை அரைஞ்சுபோய் ஸ்க்ரூ சும்மா சுத்தும். கடைசி ரெண்டு சுற்று கையால.

உச்சி, அடி, நடுவுல ஒண்ணு, இந்த மூணை முதல்ல பூட்டுங்க. விளிம்புல பெவிகால் தடவி, ஸ்க்ரூ. அப்புறம் மீதி. அடிக்கட்டை முன்விளிம்பிலிருந்து 40 மி.மீ. உள்ளே தள்ளி, கால் இடிக்காம. பசை காயறதுக்குள்ள குப்புறப் போட்டு மூலைக்கு மூலை டேப் பிடிங்க. ரெண்டு அளவும் ஒண்ணா இருக்கணும். 3 மி.மீ. வித்தியாசம்னா நீளமான பக்கத்து மூலையை அமுக்கினா சரியாகும். சரியான அந்த நிலையிலேயே முதுகுப் பிளையை வச்சு 15 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ, 19 மி.மீ. நீளம், தட்டுகள்லயும் சேர்த்து. முதுகு அழகுக்கு இல்ல சார். அது இல்லாத அலமாரி பக்கவாட்டுல சாஞ்சு சாஞ்சு ஒருநாள் படுத்துடும்.

விளிம்புக்கு மர பீடிங்கோ பி.வி.சி. பட்டையோ உங்க விருப்பம். அப்புறம் 120, 220 உப்புத்தாள், சீலர் ரெண்டு கோட்டு, அதுக்கு மேலே பாலிஷ். எனாமல் பெயிண்ட் அடிச்சா தொட்டுப் பார்த்தா காஞ்ச மாதிரி இருக்கும், ஆனா எடை உட்கார்ந்தா அட்டை ஒட்டிக்கும். ரெண்டு வாரமாவது விட்டுட்டு அடுக்குங்க. பக்கப் பலகையோட அடிமுனை தரையில படுற இடம், அதுக்குக் கூடுதலா ரெண்டு கோட்டு. தண்ணி உறிஞ்சுறது அங்கதான்.

தாம்பரம்வாசி:
லாஃப்ட் இல்லை, உயரம் பிரச்சினை இல்லை. கடைசிக் கேள்வி: சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் விடமாட்டார். சும்மா நிறுத்தினால் ஆகாதா? வீட்டில் 4 வயதுக் குழந்தை இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
குழந்தை இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2130 உயரத்துக்கு 240 ஆழம் என்றால் ஏறக்குறைய ஒன்பதுக்கு ஒன்று. நிறைத்த பிறகு மொத்தம் 150 கிலோ வரும். குழந்தை இரண்டாவது தட்டில் கால் வைத்து மேல்தட்டைப் பிடித்துத் தொங்கினால், அதுவும் அடித்தட்டு காலியாக இருக்கும் நேரம் என்றால், முன்னால் சாயும்.

வீட்டுக்காரரிடம் இரண்டே ஓட்டை என்று கேளுங்கள்: 6 மி.மீ. பிட், பிளாஸ்டிக் பிளக், காலி செய்யும்போது வால் புட்டி வைத்து அடைத்துக் கொடுத்துவிடலாம். அந்த உச்சிப் பட்டையின் வழியாக இரண்டு ஸ்க்ரூ செங்கல்லுக்குள் 40 மி.மீ. இறங்கினால் போதும், வெறும் பூச்சில் நின்றால் கையோடு வந்துவிடும். கீழே ஸ்கர்ட்டிங் டைல் ஒரு செ.மீ. துருத்துவதால் மேலே சுவருக்கும் அலமாரிக்கும் இடைவெளி வரும். அந்த இடைவெளியில் அதே கனத்துக்கு ஒரு துண்டுப் பலகை வைத்து முடுக்குங்கள். முடுக்கித் தள்ளி இடைவெளியை மூட வேண்டாம், மழைக்காலத்தில் காற்றோட்டத்துக்கு அது நல்லது.

அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் 7 அடியை மறந்துவிடுங்கள். அதே ஷீட்டில் பக்கப் பட்டை ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, 1205 உயரத்தில் 4 தட்டு வைத்த இரண்டு குட்டை அலமாரி செய்யலாம். அப்போது 605 துண்டு 10 தேவை, இருப்பது 12. மீதி இரண்டைக் கிழித்தால் இரண்டுக்குமான அடிக்கட்டைகளும் உச்சிப் பட்டைகளும் வந்துவிடும். கோடு 75இலிருந்து 1187 வரை அதே அளவு. முதுகுக்கு மட்டும் 641 × 1130 துண்டு இரண்டு வேண்டும், 7×3க்குப் பதில் 8×4 வாங்க வேண்டியிருக்கும். அருகருகே நிறுத்தி, ஒட்டிய பக்கப் பலகைகளை மேலும் கீழுமாக இரண்டு போல்ட்டால் பிணையுங்கள். முன் அடியில் 3 மி.மீ. சீவல் கொடுத்தால் எடை சுவர்ப் பக்கம் சாய்ந்து நிற்கும். தட்டு எண்ணிக்கை அதே 8தான், கிரவுன் தட்டுகளுக்குப் பதில் டெமி உயரத் தட்டுகள் கூடும்.

ஒட்டுப்பலகை:
குட்டை அலமாரி என்றால் மேல்பலகையில் டிவியை வைக்கச் சொல்வார்கள். 240 ஆழத்தில் டிவி கால் நிற்காது என்று இப்போதே சொல்லிவையுங்கள்.